தெருவைப் பார்த்த செருப்பு

“மெடம், ஆள் சிவப்பு,” என்றார் பொலிஸ் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. “அதுக்கு மேல கதைக்க ஒண்டுமில்ல.”

வந்து கதிரையில் உட்கார்ந்து மூச்சு விடவில்லை, அதற்குள் ஸாலிஹாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவர் சொன்ன சிவப்பு, பொலிஸ் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிற வல்லிபுரத்தின் தோலின் நிறம் அல்ல. போன மாதம் கொழும்பில் ஏதோ ஹோட்டலில் ஆளுமைப் பயிற்சி என்று போய் வந்திருக்கிறார். உலகத்து மனிதரையெல்லாம் நாலு நிறத்துக்குள் அடக்கிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சிவப்பு என்றால் கோபக்காரன், நீலம் என்றால் அடக்கமானவன், மஞ்சளும் பச்சையும் இன்னும் ஏதேதோ. அதற்கு ஒரு சான்றிதழ் வேறு, கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலே தொங்கியது.

கம்பஸில் வருடக்கணக்காக ஆளுமை உளவியல் படிப்பித்தவள் ஸாலிஹா. துறைத் தலைவரோடு மல்லுக்கட்டி, அந்த வேலையை உதறிவிட்டு, காத்தான்குடியில் ஒரு அறை எடுத்துத் துப்பறியும் தொழிலுக்கு வந்திருந்தாள். கோபம் அவளுக்கும் குறைவில்லை. இந்த மனிதர் கண்ணில் தானும் சிவப்புத்தான் என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

“சிவப்பெல்லாம் கொலை செய்யுமா சேர்?”

“போன கிழமை சந்தியில ஊரே பாக்க, ‘உன்ன வெட்டி வாவியில போடுறன்’ எண்டு மருமகனப் பாத்துக் கத்தினவர் மெடம். ஞாயித்துக்கிழமை பின்னேரத்திலிருந்து மருமகனக் காணல்ல. மோட்டார் சைக்கிள் வீட்டில நிக்குது, போன் வேலை செய்யுதில்ல. திங்கக்கிழமை விடிய அவர்ட செருப்பு வாவிக்கரையில கிடக்கு. இதுக்குள்ள நான் என்னத்த யோசிக்கிற?”

“வல்லிபுரம் என்ன சொல்றார்?”

“அதுதான் விசயம். வலை போடுற இடத்துக்குச் சண்டை, தோணி கட்டுற இடத்துக்குச் சண்டை எண்டு மாசத்துக்கு ஒருக்கா இஞ்ச வந்து என்னையே கத்திப்போட்டுப் போற மனுசன். புடிச்சுக்கொண்டு வந்த நேரத்திலிருந்து ஒரு சொல்லுக் கதைக்கல்ல. கத்துறவன் வாய மூடினா அதுக்கு என்ன கருத்து? நாளைக்குக் கொலை எண்டு கோட்டில போடுறன். பிறகு பிணையும் இல்ல.”

கதவோரம் நின்ற நிதுர்ஷன் தொண்டையைச் செருமினான். ஸாலிஹாவின் ஓட்டோ சாரதியும் உதவியாளும் அவன்தான். வாய் மட்டும் அவனுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும்.

“சேர், நான் என்ன நிறம்?”

“நீ மஞ்சள்.”

“என்ட ஓட்டோ பச்சை சேர். ரெண்டையும் ஒரே ஆளுக்கு எழுதுவீங்களா, இல்லாட்டி அதுக்கு வேற சான்றிதழ் வேணுமா?”

ஓ.ஐ.சி. முறைத்தார். ஸாலிஹா கையை நீட்டி, செருப்பின் படத்தைக் காட்டச் சொன்னாள். செருப்பை முதலில் கண்ட மீன்காரர், யாரும் தொடுவதற்கு முன் போனில் எடுத்த படம். பாலத்துக்குக் கீழே ஈர மணலில் தோல் செருப்பு இரண்டும் சோடியாய், ஒட்டினாற்போல் இருந்தன. முனைகள் இரண்டும் தெருவைப் பார்த்திருந்தன. குதிகால் பக்கம் தண்ணீர்.

“பாருங்க மிஸ்,” என்றான் நிதுர்ஷன். “சாகப் போனவன், திரும்பி வந்து லேசாப் போட்டுக்கொண்டு போகலாம் எண்டு திருப்பி வச்சிட்டுப் போயிரிக்கான்.”

பகிடிதான். ஆனாலும் ஸாலிஹா படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தாள். தண்ணீரை நோக்கி நடக்கிறவன் நடந்தபடியே கழற்றினால் முனை தண்ணீரைத்தான் பார்க்கும். தள்ளி விழுத்தப்பட்டவன் செருப்பு அடுக்கிக்கொண்டு நிற்கமாட்டான். ஓ.ஐ.சி.யிடம் அதைச் சொன்னாள். அவரோ மருமகன் நீலம், நீல நிறத்து ஆட்கள் எப்போதும் ஒழுங்கானவர்கள் என்றார். அவளுக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

கூட்டருகே போய், “ஐயா, உங்கட மகள் கண்ணகைதான் என்ன அனுப்பின,” என்றாள். சுவரைப் பார்த்திருந்த வல்லிபுரம் சட்டென்று திரும்பினார். நரைத்த மீசை, வெயிலில் கருகிய முகம். வேண்டாம் என்பதுபோல் தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார். மனம் விட்டுப்போன மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெரியகல்லாற்று வீட்டில் கண்ணகையின் தாய் அழுது ஓய்ந்திருந்தாள். வீடு கண்ணகையின் சீதன வீடு. இந்தப் பக்கமெல்லாம் வழக்கம் அதுதான்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. தமிழர் வீட்டிலும் அப்படி, ஸாலிஹாவின் காத்தான்குடியிலும் அப்படி. நிலோஜனும் கிரானிலிருந்து ஒரு பையோடு வந்து இந்த வீட்டு மருமகனாகி மூன்று வருடம் ஆகிறது. சவர்க்காரக் கம்பனி ஒன்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. கிழமையில் பாதி நாள் வெளியூரில்தான்.

“தங்கமான புள்ள,” என்றாள் மாமியார். “அந்த மனுசன் வாய்க்கு வந்தபடி கத்துவார், மருமகன் நிமிந்தும் பாக்கமாட்டார். இஞ்ச ஒரு ஆம்புள இரிக்கு எண்டே தெரியாது. வாசல்ல அவர்ட செருப்பு இரிக்கிற வடிவ வச்சித்தான் வீட்டில நிக்கிறார் எண்டு கண்டுபுடிக்கிற. சோடியா, தெருவப் பாத்தபடி, ஒரு நாளும் பிசகாது.”

ஸாலிஹாவும் நிதுர்ஷனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேத்தண்ணி கொண்டுவந்த கண்ணகைக்கு இருபத்தாறு வயதிருக்கும். கணவனைக் கடைசியாகக் கண்டது ஞாயிறு பின்னேரம் என்றாள். சாரத்தோடு செருப்பைப் போட்டுக்கொண்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவராம்.

“சண்டை ஏதும்?”

“அவர் சண்டை புடிக்கிற ஆள் இல்ல மிஸ்.” தட்டத்தைக் கீழே வைத்தாள். “அப்பாவுக்குச் சீனி வருத்தம், ஊசி போடாட்டித் தாங்கமாட்டார். உள்ளுக்குப் போட்டா வெளியால வரமாட்டார். அப்பாவ எடுத்துத் தாங்க மிஸ். எனக்கு அது மட்டும் போதும்.”

புருசனைத் தேடித்தா என்று அவள் கேட்கவில்லையே என்பது ஸாலிஹாவின் மூளையில் படவில்லை. கோபம் அங்கே நிறைந்து கிடந்தது.

ஓட்டோ வடக்கே கிரானை நோக்கி ஓடியது. ஒரு பக்கம் வாவி மினுங்கிக்கொண்டு வந்தது. ஸாலிஹா எதையும் பார்க்கவில்லை.

“எல்லாரும் ஒரு பெட்டியக் கையில வச்சிக்கொண்டு நிக்காங்க நிதுர்ஷன். ஆளக் கண்ட உடன தூக்கி உள்ளுக்குப் போட்டு மூடுற. இவன் கோவக்காரன், இவன் அமசடக்கம். முடிஞ்சி. ஒரு மனுசன உள்ள தள்ளுறதுக்கு அது போதுமா?”

“நீங்களும் அதத்தானே மிஸ் படிப்பிச்ச?”

“நான் படிப்பிச்சது பெட்டியில்ல. அறிவாளிகள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லியிரிக்காங்க. ஆள்ற குணத்த அஞ்சு பெரிய கூறா அளந்து பாக்கலாம் எண்டு ஒரு கூட்டம்.”

“ஓட்டோவுக்கு நாலு கியர்தான். அப்ப மனுசனுக்கு ஒண்டு கூட.”

“எல்லாம் சின்ன வயசில அடிமனசில புதைஞ்சது, அதுதான் பிறகு நம்மள ஆட்டுது எண்டு இன்னொரு கூட்டம்.”

“அது சரிதான். அம்மா வேப்பெண்ணெய் பூசித்தான் எனக்குப் பால் மறக்கடிச்ச. இண்டைவரைக்கும் நான் பாகற்காய் தின்னாத.”

“எத வெகுமதியாக் குடுத்தா எத ஆள் பழகுவான், தண்டிச்சா எத உடுவான், அதுதான் குணம், வேற ஒண்டுமில்ல எண்டு மூணாவது கூட்டம்.”

“பாண் விக்கிற ஓட்டோட பாட்டுக் கேட்டா எனக்கு உடன பசிக்கும். காசு இல்லாட்டியும் பசிக்கும்.”

சிரிக்கக்கூடாது என்று இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனாலும் கோபம் வந்தது. “உள்ளுக்குள்ள நல்ல ஒரு ஆள் இரிக்கான், நிலம் சரியா இருந்தா வளந்து வெளிய வருவான் எண்டும் சொல்லுவாங்க. ஒவ்வொண்டிலயும் கொஞ்சம் உண்மை இரிக்கி. ஆனா கடைசியா வந்த ஒரு கூட்டம் கேட்ட கேள்விதான் எனக்குப் புடிக்கும். எந்த இடத்தில, யாருக்கு முன்னால? அத உட்டுட்டுக் குணம் எண்டு கதைக்கிறது வீண் வேலை எண்டாங்க.”

கிரானில் நிலோஜனின் தாய் முற்றத்தில் தலைவிரி கோலமாக இருந்தாள். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம்.

“என்ட மகன் புலி. ஊருக்குள்ள வந்தா சத்தம் அடுத்த வட்டையில நெல்லு வெட்டுறவனுக்கும் கேக்கும். சோத்தில உப்புக் குறைஞ்சா கோப்பை கிணத்தடியில கிடக்கும். அந்த வல்லிபுரம் பின்னால வந்துதான் அடிச்சிரிப்பான். முன்னால நிண்டு என்ட மகன ஒருத்தனாலயும் ஏலா.”

“உங்கட மகனா?” என்றான் நிதுர்ஷன். “நிலோஜனா? கல்லாத்தில பொண்ணெடுத்தவரா?”

“வேற எத்தினை நிலோஜன் எனக்கு இரிக்கு?”

நிதுர்ஷன் மெல்ல முற்றத்தைச் சுற்றி வந்தான். நிலோஜன் வரும்போது போட்டுக்கொள்ளும் பழைய செருப்பு எது என்று கேட்டான். ஒன்று மாமரத்தடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மற்றது கோழிக்கூட்டுக்குப் பின்னால். போன கிழமை வந்தபோது உதறிய இடத்திலேயே கிடப்பதாகத் தாய் சொன்னாள். மகன் உதறினால் அப்படித்தான், அவள்தான் பிறகு பொறுக்குவாள். பொறுக்க மனம் வரவில்லை என்று சொல்லிவிட்டு விம்மினாள்.

விம்மியபடியே அடுக்களைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். வெறுங்கையோடு போகவேண்டாமாம். பிரித்தால் நெத்தலிக் கருவாடு.

“கதிரவெளி நெத்தலி. மாசம் மாசம் மகன்தான் கொண்டுவாற. இனி யாரு கொண்டுவருவா?”

ஓட்டோவில் ஏறியதும் நிதுர்ஷன் பொட்டலத்தை மோந்து பார்த்தான். “மிஸ், கல்லாறு முழுக்கக் கருவாடு காயுது. மாமனாரே வலைக்காரர். அங்க பொண்ணெடுத்தவன் எதுக்குக் கதிரவெளிக்குப் போய்க் கருவாடு வாங்குறான்?”

“வாங்கல்ல. அவனுக்குக் குடுக்காங்க.” ஸாலிஹா முன்னால் சாய்ந்தாள். “மாசம் மாசம் கருவாடு கட்டிக் குடுக்கிற வீடு எந்த வீடு? மாமி வீடுதான். செருப்ப யோசிச்சிப் பாரு. தாய் வீட்டில உதறுறவன் மாமி வீட்டில அடுக்குறான். ஒழுங்கு அவன்ட குணமில்ல, கல்லாத்து ஆக்கள் பாக்கட்டும் எண்டு செய்யிற வேலை. வாவிக்கரையில தனிய நிண்டு சாகப் போறவனா இருந்தா எந்தச் செருப்பக் கழட்டுவான்?”

“கோழிக்கூட்டுச் செருப்ப.”

“ஓம். ஆனா அங்க இருந்தது மருமகன்ட செருப்பு. யாரும் பாக்கணும் எண்டு வச்ச செருப்பு. ஆள் உயிரோட இரிக்கான். கதிரவெளிக்கு உடு. ஒரு கிழவன உள்ளுக்குத் தள்ளிப்போட்டு, பெத்தவள முற்றத்தில போட்டு அழ உட்டுட்டு, அங்க இருந்து சிரிச்சிக்கொண்டு இருப்பான். என்ட கையில கிடைக்கட்டும்.”

கதிரவெளியில் கடற்கரை வாடி ஒன்றுக்கு முன்னால் ஓட்டோ நின்றது. வெயில் கொதித்தது. மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் நிதுர்ஷன் முதலில் கல்லாற்றுக் கதையைச் சொல்லிப் பார்த்தான். வாயே திறக்காத, குனிந்த தலை நிமிராத ஆள் ஒருவர். யாருக்கும் தெரியவில்லை. பிறகு கிரான் கதை. கத்துகிற, கோப்பை எறிகிற ஆள். அப்படிப்பட்டவனை இந்தக் கரையில் வைத்திருக்கமாட்டோம் என்றார்கள். கடைசியில் போனில் படத்தைக் காட்டினான். பார்த்ததும் ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடுத்தவளுக்கும் தொற்றியது.

“இது நம்மட சுலோஜனாட புருசன் எல்லோ. இவர் வந்தா வேலை ஓடாது, வயிறு நோகச் சிரிக்க வைப்பார். அந்தா, நீலப் படலை போட்ட வீடு.”

நீலப் படலைக்குள் நாலைந்து பேர் நடுவில் நிலோஜன் யாரோ ஒரு கடைக்காரனைப் போல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சுலோஜனா வாயைப் பொத்திச் சிரித்தாள், வயிறு சற்று மேடிட்டிருந்தது. அவளுடைய தாய் சிரிப்பில் கண்ணைத் துடைத்தாள். ஸாலிஹா நேராக நடுவே போய் நின்றாள்.

“நிலோஜன், உங்களக் கொலை செய்ததுக்கு வல்லிபுரம் உள்ளுக்கு இரிக்கார். நாளைக்குக் கோட்டு.”

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தோள் குறுகியது. தலை கவிழ்ந்தது. கல்லாற்று மருமகன் வந்துவிட்டான். யார் வல்லிபுரம் என்று சுலோஜனா கேட்டபோது, “நீ உள்ளுக்குப் போ,” என்று உறுமினான். அது கிரான்காரன். அந்த உறுமலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் உள்ளே போகவில்லை.

“இவருக்குக் கல்லாத்தில பொஞ்சாதி இரிக்கி புள்ள,” என்றாள் ஸாலிஹா. “பேரு கண்ணகை. கிரான்ல தாயும் இரிக்கா. ரெண்டு பேருக்கும் இவர் மௌத்து, செத்துப்போன ஆள்.”

“தாய் தகப்பன் சின்ன வயசிலயே போயிட்டாங்க எண்டவர்,” என்றாள் சுலோஜனா மெதுவாக.

நிலோஜன் ஸாலிஹாவைத் தனியே வரச் சொல்லிக் கெஞ்சினான். வேலியோரம் நின்று கண் கலங்கினான். “மிஸ், நீங்க படிச்ச ஆள், விளங்கிக்கொள்ளுவீங்க. அங்க நான் நானா இருக்கல்ல. மாமா வாயத் திறந்தா எனக்கு மூச்சு வராது. இஞ்சதான் என்ட உண்மையான சுபாவம்.”

அவளுக்குக் கை துருதுருத்தது. “உன்ட உண்மையான சுபாவத்தத் தேடி எடுக்க நான் வரல்ல. நீ என்ன செய்தாய் எண்டதுதான் எனக்கு வேணும். பேஸ்புக்கில உன்னக் காணல்ல எண்டு படம் ஓடுதே, கண்டியா இல்லையா?”

“மற்றப் போன்ல கண்டன்.”

“கண்டுட்டு?”

“கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க எண்டு...”

“ஓமோம். செருப்ப மட்டும் மறக்காம சோடியா அடுக்கி வச்சிட்டு வந்திரிக்காய். பெரிய மூளைதான்.”

நிலோஜன் விழித்தான். “என்ன செருப்பு?”

“நடிக்காத.”

“சத்தியமா மிஸ். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸில வந்தவன். அந்தா கிடக்கு பாருங்க. செருப்பு கல்லாத்தில வாசல்ல கிடந்தது. வாவிக்கரைப் பக்கம் நான் போகவேயில்ல.”

படலையோரம் கறுப்புச் சப்பாத்து ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சரிந்தும் கிடந்தது. ஸாலிஹா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “வாசல்ல செருப்ப நீதானே சோடியா வைக்கிற?”

“நானா? நான் எங்க செருப்பு அடுக்கின? உதறிப்போட்டு உள்ளுக்குப் போவன். கண்ணகைதான் எடுத்துத் தெருப்பக்கம் திருப்பி வைப்பாள், நான் வெளிக்கிடக்க லேசாப் போட்டுக்கொண்டு போகலாம் எண்டு. கலியாணம் முடிச்ச நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம்.” அவன் எச்சிலை விழுங்கினான். “நான் ஒளிச்சி ஓடல்ல மிஸ். இனி வரமாட்டன் எண்டு அவளுக்கு முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டுத்தான் வந்தன்.”

திரும்பி வரும் வழியில் நிலோஜன் பின்னால், ஸாலிஹாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தான். ஸாலிஹாவுக்குத் தன்மீதே வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓ.ஐ.சி.யின் நாலு நிறத்தைப் பார்த்து அவ்வளவு கொதித்தாளே, அவள் செய்தது மட்டும் என்ன? அந்த ஆண்பிள்ளையின் குணத்தை ஊர் ஊராகத் தேடித் திரிந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்த பெண் எப்படிப்பட்டவள் என்று ஒரு கேள்வி கேட்டாளா? அழுகிற பெண்சாதி என்று அவளும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டம் நின்றது. நிதுர்ஷன் நிலோஜனைத் தோளில் பிடித்து உள்ளே கொண்டுபோனான். “சேர், நீல நிறத்தில ஒண்டு கொண்டுவந்திரிக்கன். கதிரவெளியில மஞ்சளா இருந்த. வழியில கொஞ்சம் வெளிறிட்டு,” என்று அவன் சொல்வது வாசல்வரை கேட்டது.

தகப்பனுக்குச் சோற்றுப் பொதியோடு வந்திருந்த கண்ணகை, மதிலோரம் வேப்பமரத்தடியில் நின்றாள். கணவன் உயிரோடு போவதைப் பார்த்து அவள் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. ஸாலிஹா அவளருகே போனாள். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் வாயில் நின்றன.

“ஏன் புள்ள செய்த?”

கண்ணகை மறுக்கவில்லை. “உட்டுட்டுப் போனவன்ட பொஞ்சாதி எண்டு சொல்லுவாங்க மிஸ். மூணு வருசமாப் புள்ளையும் இல்ல. ஒரு ஆம்புளய வீட்டில வச்சிருக்கத் தெரியாதவள் எண்டு என்ட முகத்துக்கு நேரே சிரிப்பாங்க. செத்துட்டார் எண்டா அழுதுபோட்டு இருந்திருவன். அவ்வளவுதான் நினைச்ச. அப்பாவப் புடிப்பாங்க எண்டு கனவிலயும் நினைக்கல்ல.”

“அப்பாவப் புடிச்ச உடன சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நம்புவாங்களா? தகப்பனக் காப்பாத்தப் பொய் சொல்லுறாள் எண்டுவாங்க. ஆள் உயிரோட வந்தாத்தான் அப்பா வெளியால வருவார். அதுதான் உங்களத் தேடி வந்தன்.” அவள் சோற்றுப் பொதியை இறுக்கிப் பிடித்தாள். “அப்பா கண்டவர் மிஸ். நான் செருப்ப முந்தானைக்குள்ள மறைச்சிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால போகக்க, வலை காயப்போட்டுக்கொண்டு நிண்டவர். எங்க போறாய் எண்டு கேக்கல்ல. மற்றப் பக்கம் கிறுகிக்கொண்டு வலையப் பாத்தார்.”

ஊரையே கத்திக் கலக்கிய மனிதர் ஒரு சொல்லும் சொல்லாமல் கூட்டுக்குள் இருந்தது எதற்காக என்று ஸாலிஹாவுக்கு இப்போது தெரிந்தது.

வல்லிபுரம் வாசலுக்கு வந்தார். மருமகன் ஓ.ஐ.சி.க்குப் பின்னால் ஒதுங்கினான். கூட்டம் இன்னும் கிட்ட நெருங்கியது. வல்லிபுரம் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஸாலிஹாவிடம் வந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரல் மதிலில் பட்டுத் தெறித்தது.

“உன்ன யாருகா இவனக் கொண்டுவரச் சொன்ன? செத்தவன் செத்தவனாவே கிடந்திருப்பான். நான் உள்ளுக்குக் கிடந்திருப்பன். எனக்கு என்ன, இன்னும் எத்தினை வருசம்? என்ட புள்ள இனி இந்த ஊருக்குள்ள எப்பிடித் தலை நிமிந்து நடப்பாள்? சொல்லு.”

காலையிலிருந்து எல்லார்மீதும் கோபப்பட்டவள் இந்தக் கோபத்துக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவவக் கத்தாதீங்க அப்பா. நான்தான் அனுப்பின.”

கண்ணகை மரத்தடியிலிருந்து வெளியே வந்தாள். கூட்டத்தில் அவளுக்குத் தெரியாத முகம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இவர் சாகல்ல. என்ன உட்டுட்டு வேற ஒருத்தியோட போனவர். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போன. செருப்ப வாவிக்கரையில வச்சது நான். எல்லாருக்கும் கேட்டதுதானே? சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சி முடிங்க, நான் அப்பாவக் கூட்டிக்கொண்டு வீட்ட போகணும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் தாழ்த்தினார்கள்.

ஓ.ஐ.சி. தொண்டையைச் செருமினார். “பொய்ச் சாட்சி உண்டாக்கினது குற்றம் தங்கச்சி. உள்ளுக்கு வாங்க, வாக்குமூலம் எடுக்கணும்.”

“அவளுக்குக் கிட்ட வந்து பாரு, கைய முறிச்சிக் குடுக்கிறன்,” என்று வல்லிபுரம் பாய்ந்தார். நிதுர்ஷன் ஓடிவந்து அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க ஸாலிஹாவுக்கு முதல்தடவையாக நிம்மதியாக இருந்தது. அவள் போய் ஓ.ஐ.சி.க்கும் கண்ணகைக்கும் நடுவில் நின்றாள்.

“சோறு குடுத்து முடியட்டும் சேர்,” என்றாள். “அதுக்குப் பிறகு இவ வருவா. நானும் வருவன்.”